வீடு முந்திற்று, வண்டி பிந்திற்று

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். மனிதனுடைய பொறுமையையும் பணப்பையையும் பரீட்சிப்பதற்கு இந்த இரண்டு காரியங்களே போதும் என்பது அவர்களுடைய எண்ணம். அந்தப் பெரியோர்கள் இன்று சென்னைப் பட்டணத்தின் தென்கோடியில் குடியிருந்தார்களானால், "பஸ் ஏறிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் கட்டாயம் சேர்த்திருப்பார்கள்.

அடையாற்றுக்குத் தெற்கே மத்திய கைலாசத்திலிருந்து புறப்பட்டுச் சிறுசேரி வரையில் இருபது கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது ஒரு சாலை. பழைய மகாபலிபுரம் சாலை என்பது ஜனங்கள் வழங்கும் பெயர். ராஜீவ் காந்தி சாலை என்பது சர்க்கார் வைத்த பெயர். இந்தச் சாலையின் இரு மருங்கிலும் குடியிருப்போர் தினந்தோறும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருவதற்குக் குறைந்த செலவில் தகுந்த வழி எது? பஸ்ஸா, ரயிலா, ஷேர் ஆட்டோவா? இந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் சற்று நிதானமாக ஆராய எண்ணியிருக்கிறோம்.

கால்வாய்க்கும் சதுப்புக்கும் நடுவில்

முதலில் அந்தப் பிரதேசத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பூகோளப் பாடம் என்று நேயர்கள் பயப்பட வேண்டாம், இரண்டே வாக்கியங்கள். சாலைக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கால்வாயைக் கடப்பதற்குப் பாலங்கள் சிலவே. சதுப்பைக் கடப்பதற்குச் சாலைகள் அதைவிடச் சிலவே.

ஆகையால், அங்கே வசிக்கும் லட்சக்கணக்கான ஜனங்களும் எங்கே போவதென்றாலும் முதலில் இந்த ஒரே சாலையில் வந்து விழுந்தாக வேண்டும். வேறு பேட்டைகளில் பெருந்தெரு அடைத்துக்கொண்டால் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்கு அந்தக் கால்வாய்தான் பெருவழியாக இருந்தது. 1806-ல் சென்னைக்கு வடக்கே சிறு அளவில் தொடங்கி, பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக மேலும் வெட்டப்பட்ட கால்வாய் அது. உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு படகுகள் அதில் வெகு காலம் போய் வந்தன. படகுப் போக்குவரத்து நின்று போயிற்று, சாலை மிஞ்சியது.

அந்தச் சாலையும் வெகு காலம் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு அதற்கு விழிப்புக் கண்டது. சாப்ட்வேர் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கண்ணாடி மாளிகைகளை எழுப்பின. 2008-ல் ஆறு வரிசைப் பெருஞ்சாலை திறக்கப்பட்டது. அதில் போவதற்குச் சுங்கமும் வசூலித்தார்கள். நான்கு சுங்கச் சாவடிகள் 2021 ஆகஸ்டிலும், மிஞ்சியிருந்த நாவலூர்ச் சாவடி 2023 அக்டோபரிலும் வசூலை நிறுத்தின.

சாலை வந்தது, சாவடி வந்தது, போயிற்று. ஜனங்களை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டும் தேவைக்குத் தக்கபடி வரவில்லை.

வந்தவர்களும் கொண்டுவரப்பட்டவர்களும்

இந்தச் சாலையோரத்துக் குடிகளில் இரண்டு வகை உண்டு. உத்தியோகத்தின் பொருட்டுத் தாமாக வந்து வீடு வாங்கியவர்கள் ஒரு வகை. இவர்களில் அநேகருக்குக் கார் உண்டு. மோட்டார் சைக்கிள் உண்டு. கம்பெனி பஸ் வாசலுக்கே வருவதும் உண்டு. இவர்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் நேரத்தைப் பற்றிய கஷ்டம்.

இரண்டாவது வகையினர் தாமாக வரவில்லை, கொண்டுவரப்பட்டவர்கள். கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்ற பெயர்களைப் பத்திரிகைகளில் நேயர்கள் படித்திருப்பார்கள். கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் பட்டணத்தின் நடுவே குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, சர்க்கார் இங்கே அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியது. கண்ணகி நகரில் இந்த வேலை 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பிறகு செம்மஞ்சேரியிலும், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்திலும் பெருந்தொகையானவர்கள் வந்து சேர்ந்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன.

கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடு குடிசையைவிட மேலானதுதான். அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த ஜனங்களின் பிழைப்பு எங்கே இருந்தது? சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடியில் இருந்தது. மயிலாப்பூர் வீடுகளின் சமையலறையில் இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் இருந்தது. நடந்து போய் வேலை செய்துவிட்டு, மத்தியானம் வந்து குழந்தைக்குச் சோறு போட்டுவிட்டு, மறுபடியும் நடந்து போய் வந்தவர்கள் அவர்கள். வீட்டை மாற்றினார்கள், பிழைப்பை மாற்ற முடியவில்லை. நடுவில் இருபது கிலோமீட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதிக்கும் ஒரு தாய், விடியற்காலையில் பஸ் ஏறி, இரண்டு மணி நேரம் போவதிலும் இரண்டு மணி நேரம் வருவதிலும் கழித்தால், மூன்றாவது வீட்டை விட்டுவிடத்தான் வேண்டும். பஸ்ஸுக்குக் கொடுத்தது ஒரு செலவு. விட்டுப்போன சம்பளம் மற்றொரு செலவு. கணக்குப் புத்தகத்தில் முதலாவது மட்டுந்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நிலைமையும் இதற்குக் குறைந்ததல்ல. படிப்பு ஆண்டின் நடுவிலே வீடு மாற்றப்பட்ட குடும்பங்கள் உண்டு. பிள்ளை பழைய பள்ளிக்கூடத்துக்கே போக வேண்டுமென்றால் அதிகாலையில் புறப்பட வேண்டும். நாம் உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்கள். காலையில் முதல் மணிப் பாடத்தில் தலை சாய்ந்து தூங்கும் பையனைப் பார்த்தால், "ராத்திரி என்னடா செய்தாய்?" என்று கேட்பது எங்கள் வழக்கம். "பஸ் எத்தனை மணிக்கடா ஏறினாய்?" என்று கேட்க வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஷேர் ஆட்டோவின் புண்ணியம்

இருக்கும் வழிகளை இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பஸ் வராத இடத்தில் ஷேர் ஆட்டோ வருகிறது. கை காட்டினால் நிற்கும்; இறக்கச் சொன்ன இடத்தில் இறக்கும். அவசரத்துக்கு உதவுகிறவன் ஆண்டவன் என்றால் ஷேர் ஆட்டோக்காரருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சர்க்கார் செய்யத் தவறியதைச் சொந்த முதல் போட்டுச் செய்கிறவர்களை இகழ்வது நியாயமல்ல.

ஆனாலும் அதன் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு வண்டி என்றால் சாலையில் வண்டிகளின் கூட்டம் பெருகுமே தவிரக் குறையாது. லாபம் உள்ள வேளையில் வரும்; ராத்திரி பத்து மணிக்கு மழையில் நிற்கும் ஸ்திரீயைத் தேடிக்கொண்டு வராது. மாதச் சீட்டு கிடையாது. இரண்டு வண்டி மாறினால் இரண்டு கட்டணம். ஆகவே, ஷேர் ஆட்டோ பெருவழிக்குத் துணையாகலாம். பெருவழியாக ஆக முடியாது.

பாதி வழியில் நின்ற ரயில்

ரயிலைப் பற்றிச் சென்னைக்கு நல்ல அநுபவம் ஒன்றும், சுமாரான அநுபவம் ஒன்றும் உண்டு.

நல்ல அநுபவம் 1931-ல் ஏற்பட்டது. அந்த ஆண்டில் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலமும் கோடம்பாக்கமும் பல்லாவரமும் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தன. அங்கே வண்டி முந்திற்று, வீடு பிந்திற்று. குறைந்த சம்பளக் குமாஸ்தாவும் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறிப் பட்டணத்துக்கு வந்து சேர முடிந்தது.

சுமாரான அநுபவம் பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் மயிலாப்பூர் வரையிலும் வந்தது. அங்கிருந்து திருவான்மியூருக்கு வர 2004 ஆயிற்று. வேளச்சேரிக்கு வர 2007 ஆயிற்று. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். அதைத் தாண்டுவதற்கு, நிலம் எடுக்கும் தகராறு முதலிய காரணங்களால், பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது. பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தவர்கள் ஹாஸ்ய உணர்ச்சி உள்ளவர்கள்தான்!

அதன் கட்டணம் மிக மலிவு. அப்படியிருந்தும், மதிப்பிட்ட அளவுக்குப் பிரயாணிகள் வெகு காலம் வரவில்லை. காரணம் என்னவென்றால், ஸ்டேஷன்கள் பெரியவையாக இருந்தனவே ஒழிய, அவற்றுக்குப் போய்ச் சேரும் வழிகள் சரியாக இல்லை. வாசலில் பஸ் நிற்காது, நடைபாதை இராது, இருட்டிய பிறகு தனியே போவதற்குப் பெண்கள் தயங்கினார்கள். ஸ்டேஷன் வரையில் ஜனங்களைக் கொண்டுவந்து சேர்க்காத ரயில், பந்தியில் இலை போட்டுவிட்டு விருந்தாளிகளை அழைக்காத கல்யாணம் போலத்தான்.

வரப்போகும் மெட்ரோ

இப்போது இந்தச் சாலையின் நடுவே பெரிய தூண்கள் எழுந்திருக்கின்றன. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்று வழித்தடங்களுமாகச் சேர்ந்து 118.9 கிலோமீட்டர், மதிப்பு 63,246 கோடி ரூபாய். மத்திய மந்திரிசபை 2024 அக்டோபரில் இதற்குச் சம்மதம் கொடுத்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் வழித்தடம், நேரு நகருக்குத் தெற்கே இந்தச் சாலையின் மேலாகவே போகிறது.

இது நல்ல காரியம் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் போகலாம். மூன்று நிமிஷத்துக்கு ஒன்று விட்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் இருபதினாயிரம் பேர். வேறு எந்த வண்டியும் இந்தச் சாலையில் அவ்வளவு பேரைக் கொண்டுபோக முடியாது.

ஆனால் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. கட்டணம் எவ்வளவு? இப்போது சென்னையில் ஓடும் மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகக் கட்டணம் 50 ரூபாய். ஒரு தடவைக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 26 நாள் போய் வர ஒருவருக்கு 2,080 ரூபாய். உத்தியோகஸ்தருக்கு இது பெரிதல்ல. பெட்ரோல் செலவைப் பார்த்தால் லாபம். வீட்டு வேலை செய்யும் ஸ்திரீக்கோ, ஒரு வீட்டுச் சம்பளத்தின் பெரும்பகுதி இதற்கே போய்விடும்.

இரண்டாவது கேள்வி: ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது? கண்ணகி நகரும் செம்மஞ்சேரிக் குடியிருப்பும் பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. பெரும்பாக்கமோ சோழிங்கநல்லூர் நாற்சந்தியிலிருந்து மேற்கே வெகு தூரம். பறக்கும் ரயில் கற்றுக் கொடுத்த பாடத்தை இங்கே மறந்துவிடலாகாது.

ஒரு சிறு கணக்கு

எங்கள் தொழிலுக்கு ஏற்றபடி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

63,246 கோடியை 118.9 கிலோமீட்டரால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 532 கோடி ரூபாய் வருகிறது. சுரங்கப் பாதையும் மேம்பாலப் பாதையும் கலந்த சராசரி இது. மேம்பாலத்துக்கு இதைவிடக் குறைவாகவே ஆகும். ஒரு பஸ்ஸின் விலையைத் தாராளமாக ஒரு கோடி என்று வைத்துக்கொண்டால், சராசரி ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் பணத்தில் 532 பஸ்கள் வாங்கலாம்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் மெட்ரோ எதற்கு?" என்று சிலர் எழுந்து நிற்பார்கள். அவர்கள் சற்று உட்கார வேண்டும். பஸ் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தேய்ந்துவிடும். மெட்ரோப் பாலம் பேரன் காலத்திலும் நிற்கும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டிரைவர், கண்டக்டர் சம்பளம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, 532 பஸ்களையும் நெரிசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அவையும் நிற்கத்தான் செய்யும்.

இங்கேதான் கணக்கின் இரண்டாவது பகுதி வருகிறது. இருபது கிலோமீட்டரை ஒரு பஸ் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஒரு மணி 40 நிமிஷம் ஆகும். அதே பஸ்ஸுக்குத் தனி வரிசை ஒன்று ஒதுக்கி, மணிக்கு 24 கிலோமீட்டர் போகும்படி செய்தால் 50 நிமிஷந்தான். பிரயாணிக்கு 50 நிமிஷம் மிச்சம் என்பது வெளிப்படை. வெளிப்படையாகத் தெரியாத லாபம் ஒன்றும் உண்டு. முன்பு ஒரு தடவை போன நேரத்தில் அந்தப் பஸ் இரண்டு தடவை போகிறது. அதே டிரைவர், அதே சம்பளம். ஆனால் ஒரு பஸ் இரண்டு பஸ் ஆகிவிட்டது! சாலையில் ஒரு கோடு போட்டு, அதை மற்ற வண்டிகள் தாண்டாமல் காவல் செய்வதற்கு ஆகும் செலவில் இது நடக்கிறது.

"ஒரு வரிசையைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டால் கார்கள் எங்கே போகும்?" என்பது நியாயமான கேள்வி. ஒரு வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் கார்கள் போவதாக வைத்துக்கொள்வோம். காருக்கு ஒன்றரை ஆள் வீதம் 1,500 பேர். அதே வரிசையில் 40 விநாடிக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 5,400 பேர். சாலை காருக்குச் சொந்தமா, மனிதருக்குச் சொந்தமா என்று தீர்மானித்துக்கொண்டால் மற்றது தானே விளங்கும்.

இது பரீட்சித்துப் பார்க்கப்படாத யோசனை அல்ல. தென்னமெரிக்காவில் பொகோட்டா நகரம் 2000-ஆம் ஆண்டிலும், நம் நாட்டில் அகமதாபாத் 2009-லும் பஸ்ஸுக்குத் தனி வழி அமைத்தன. டில்லியில் 2008-ல் 5.8 கிலோமீட்டருக்கு அமைத்ததோ, கார்க்காரர்களின் கூக்குரலுக்கு ஆளாகி 2016-ல் பெயர்த்தெடுக்கப்பட்டது. கோடு போடுவது சுலபம். அதைக் காப்பாற்றுவதற்கு அதிகாரிகளுக்கு நெஞ்சுறுதி வேண்டும் என்பது டில்லி தரும் பாடம்.

இலவசம் யாருக்கு நஷ்டம்?

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் ஸ்திரீகள் கட்டணமின்றிப் போகலாம். "இலவசம் கொடுத்தால் பஸ் கம்பெனி உருப்படுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கட்டணத்தைச் சர்க்கார் ஈடு செய்கிறது. வரிப் பணம்தானே என்றால், ஆம், வரிப் பணம்தான். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒன்று, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகச் சொல்லிற்று. ஏழைக் குடும்பத்தில் 888 ரூபாய் என்பது பாலும் காய்கறியும் நோட்டுப் புத்தகமும் ஆகும்.

ஆனால் கட்டணமில்லாத பஸ் வந்தால்தானே ஏறுவதற்கு? மூன்று பஸ்ஸை விட்டு நாலாவதில் தொற்றிக்கொள்ள நேர்ந்தால், டிக்கெட்டில் மிஞ்சியது நேரத்தில் போய்விடும். 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 மின்சார பஸ்கள் புறப்பட்டது வரவேற்கத்தக்கது. அவற்றில் குளிர்சாதன பஸ்கள் 55. சாதாரண பஸ்களும் அவற்றோடு போட்டி போட்டுக்கொண்டு பெருகினால்தான் செம்மஞ்சேரிப் பெண்ணுக்குப் பயன்.

நமது முடிவு

இவ்வளவும் எடை போட்டுப் பார்த்ததில் நமக்குத் தோன்றும் அபிப்பிராயம் இது: பஸ்ஸா, மெட்ரோவா என்று கேட்பதே பிசகு. எது முன்பு, எது பின்பு என்றுதான் கேட்க வேண்டும்.

முன்பு வேண்டியது பஸ். குடியிருப்புகளின் உள்ளே புகுந்து வரும் சிற்றுந்துகள் முதலில் வேண்டும். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அதிகாலையிலிருந்து இரவு வரையில் பெருஞ்சாலையோடு தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். பெருஞ்சாலையில் காலையிலும் மாலையிலும் மூன்று மூன்று மணி நேரமாவது பஸ்ஸுக்கென்று ஒரு வரிசை வேண்டும். நிற்குமிடத்தில் நிழலும் விளக்கும் வேண்டும். இவற்றுக்குப் பத்து வருஷம் வேண்டாம்; பத்து மாதம் போதும்.

பின்பு மெட்ரோ வரும்போது இந்தப் பஸ்கள் வீணாகப் போவதில்லை. அவையே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஜனங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் வாய்க்கால்களாகும். வாய்க்கால் இல்லாத ஏரி எத்தனை பெரிதாயிருந்தாலும் வயலுக்கு என்ன லாபம்? பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் மின்சார ரயிலுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் வசதி 2025 செப்டம்பரில் "சென்னை ஒன்" என்ற செயலி மூலம் தொடங்கியிருக்கிறது. டிக்கெட் ஒன்றானது போல் கட்டணமும் ஒன்றாகி, வண்டி மாறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்ற நிலை வந்துவிட்டால், மெட்ரோவின் படிகளில் எல்லோரும் ஏறுவார்கள்.

இனிமேல் ஏழைகளுக்குத் தூரத்தில் வீடு கட்டிக் கொடுக்க எண்ணும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுச் சாவியைக் கொடுக்கும் தினத்திலேயே அந்த வாசலில் முதல் பஸ் வந்து நிற்க வேண்டும். சுவரும் கூரையும் கதவும் வீட்டுக்கு அங்கமாயிருப்பது போல், பிழைப்புக்குப் போய் வரும் வழியும் வீட்டுக்கு ஓர் அங்கமே. அதை விட்டுவிட்டுக் கட்டிய வீட்டைப் பாதி கட்டிய வீடு என்றே நாம் சொல்லுவோம்.